டூவீலர் இன்சூரன்ஸ்: ஆர்.சி. பார்ப்பதில் தொடங்கி கிளைம் வாங்குவது வரை

பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்டு பார்ட்டி பாலிசி, இருந்தே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 146-வது பிரிவு சொல்வது இதுதான். இல்லாமல் பிடிபட்டால் 196-வது பிரிவின்படி முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

அபராதத்துக்காக மட்டும் பாலிசி எடுப்பவர்கள் விலை குறைந்த ஒன்றை எடுத்து வண்டியின் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். விபத்து நடந்த பிறகுதான் அந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறது, எந்தத் தேதி இருக்கிறது, யாருக்குக் காப்பீடு இருக்கிறது என்று படிக்கிறார்கள். அதை முன்கூட்டியே படிக்கும் வரிசைதான் கீழே இருப்பது. வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

1. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்.சி., பழைய பாலிசியின் எல்லாப் பக்கங்களும், ஓட்டுநர் உரிமம், ஆதார், பான் அட்டை. வண்டி லோனில் இருந்தால் லோன் கொடுத்த நிறுவனத்தின் சரியான பெயர். 2023 ஜனவரி 1 முதல் எந்த இன்சூரன்ஸ் எடுத்தாலும் கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) கட்டாயம் என்பதால் அதற்கான ஆவணங்கள் இல்லாமல் பாலிசி பாதியிலேயே நின்றுவிடும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்.சி.யில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக இருக்கும். பாலிசியில் பெயர் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கட்டும். கேஒய்சியில் பெயர் பொருந்தவில்லை என்று வந்தால் கம்பெனியின் உதவி எண்ணில் சொல்லிச் சரிசெய்யுங்கள். படிவம் ஏற்கிறதே என்று ஆர்.சி.யில் இல்லாத பெயரைப் போட்டு முடித்துவிடாதீர்கள்.

2. ஆர்.சி.யில் பார்க்க வேண்டிய நான்கு இடங்கள்

உரிமையாளர் பெயர், பதிவு எண், என்ஜின் எண், சேஸிஸ் எண். பாலிசி எடுக்கும்போது பதிவு எண்ணை மட்டும் தட்டினால் மற்றவை தானாக வந்துவிடும். அப்படி வந்ததை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கிளைம் வரும்போது சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) வண்டியின் சேஸிஸில் பொறித்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.

சேஸிஸ் எண் 17 இலக்கம் கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. ஓ போலத் தெரிவது சுழியம், ஐ போலத் தெரிவது ஒன்று. கையால் தட்டும்போது நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி இதுதான். பிழை இருந்தால் திருத்தக் கேளுங்கள். கம்பெனி ‘என்டார்ஸ்மென்ட்’ என்ற திருத்தத் தாளைக் கொடுக்கும். அது பாலிசியின் ஒரு பகுதி. இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

புது வண்டியென்றால் இன்னொன்று. ஷோரூமில் பாலிசி போடும் நேரத்தில் நம்பர் வந்திருக்காது. பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘புதியது’ என்று இருக்கும். நம்பர் வந்ததும் அதைச் சேர்க்கச் சொல்லி என்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். இதைச் செய்யாத வண்டிகளுக்குத்தான் ஆன்லைனில் பதிவு எண்ணைத் தட்டினால் பாலிசி இல்லை என்று காட்டும்.

3. உங்களிடம் இப்போது எந்தப் பாலிசி இருக்கிறது?

மூன்று வகைதான். மற்றவருக்கு ஏற்படும் இழப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும் தேர்டு பார்ட்டி. உங்கள் வண்டியின் சேதத்தையும் திருட்டையும் மட்டும் பார்த்துக்கொள்ளும் ஓன் டேமேஜ். இரண்டும் சேர்ந்த பேக்கேஜ். ஏஜென்ட்கள் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’, ‘ஃபர்ஸ்ட் பார்ட்டி’ என்று சொல்வது இதைத்தான்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். ஷோரூமில் பெரும்பாலும் தருவது ஒரு வருட ஓன் டேமேஜும் ஐந்து வருட தேர்டு பார்ட்டியும் சேர்ந்தது. ‘அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார்’ என்று விற்பனையாளர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஓன் டேமேஜைப் புதுப்பிக்காவிட்டால் இரண்டாம் வருடம் முதல் வண்டி திருடு போனால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு காலக்கெடுக்கள் தனித்தனியாக அச்சாகியிருக்கும். ஓன் டேமேஜ் முடியும் தேதியைப் பேனாவால் வட்டமிட்டு, அதற்குப் பத்து நாள் முன்னதாக போனில் நினைவூட்டல் வையுங்கள். தேர்டு பார்ட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓன் டேமேஜை மட்டும் தனியாக வாங்கலாம். வேறு கம்பெனியிலும் வாங்கலாம். அப்போது கேட்கும் தேர்டு பார்ட்டி பாலிசி எண்ணையும் முடியும் தேதியையும் சரியாகக் கொடுங்கள். அது உயிரோடு இருக்கிறது என்ற நிபந்தனையில்தான் தனி ஓன் டேமேஜ் பாலிசி கிடைக்கிறது.

4. தேர்டு பார்ட்டி கட்டணம்

இதை அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகை. ‘இங்கே தேர்டு பார்ட்டி மலிவு’ என்று யாராவது சொன்னால் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது பாலிசியே போலி.

2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த ஓராண்டுக் கட்டணம்: 75 சிசி வரை ரூ.538, 75-க்கு மேல் 150 வரை ரூ.714, 150-க்கு மேல் 350 வரை ரூ.1,366, 350-க்கு மேல் ரூ.2,804. இதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஸ்பிளெண்டர், ஆக்டிவா, டிவிஎஸ் எக்ஸ்எல் 100 எல்லாம் ரூ.714 வரிசை, வரியோடு ரூ.843. அப்பாச்சி 160, ஆர்15 போன்றவை 150-ஐச் சற்றே தாண்டுவதால் ரூ.1,366 வரிசைக்குப் போய்விடும். மின்சார வண்டிக்கு சிசி கிடையாது. மோட்டாரின் கிலோவாட் கணக்கு: 3 கிலோவாட் வரை ரூ.457, அதற்கு மேல் 7 வரை ரூ.607.

இந்தத் தொகைக்கு என்ன கிடைக்கிறது? உங்கள் வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, மோட்டார் விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பே இல்லை. பொருள் சேதத்துக்கு மட்டும் டூவீலருக்கு ரூ.1 லட்சம் வரம்பு. 843 ரூபாய் கட்டாததால் வீட்டையும் நிலத்தையும் விற்று இழப்பீடு கட்டும் நிலைக்கு ஒரு குடும்பம் வந்துவிடக் கூடாது. பாலிசி இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்குப் போதுமான ஜாமீன் கட்டும்வரை வண்டியே வெளியே வராது.

5. ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும்

‘ஓனர்-டிரைவர் பிஏ கவர்’ என்று ஒரு வரி பாலிசியில் இருக்கும். ரூ.15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் முழுத் தொகை. ஒரு கையோ காலோ, ஒரு கண்ணின் பார்வையோ போனால் பாதி. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க ‘எனக்கு ஏற்கெனவே இருக்கிறது’ என்ற கட்டத்தில் டிக் அடித்து இதை நீக்கிவிடுகிறார்கள். உண்மையிலேயே வேறு வண்டியின் பாலிசியிலோ தனிப் பாலிசியிலோ ரூ.15 லட்சம் இருந்தால் மட்டும் நீக்குங்கள்.

இது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் முக்கியம். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பாலிசியிலும் இருந்து, செல்லுபடியாகும் உரிமத்தோடு அவரே ஓட்டியிருக்க வேண்டும். வண்டி மனைவி பெயரில், தினமும் ஓட்டுவது கணவர் என்றால் இந்த 15 லட்சம் கணவருக்குக் கிடையாது. அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டினாலும் அப்படியே. அவர்கள் தம் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுத்துக்கொள்வதுதான் வழி.

பின்னால் உட்காருபவர் விஷயம் இன்னும் மோசமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்த வண்டியில், உங்கள் தவறால் விழுந்து, பின்னால் இருந்த மனைவிக்கோ நண்பருக்கோ அடிபட்டால் அந்தப் பாலிசி அவருக்குப் பொறுப்பேற்காது. பின்னிருக்கைப் பயணி அந்தப் பாலிசியின் அர்த்தத்தில் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேக்கேஜ் பாலிசியில் அவருக்கான பொறுப்பு அடங்கும். இதை 2009-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏவின் சுற்றறிக்கையும் உறுதி செய்தது. குடும்பத்தோடு போகும் வண்டிக்கு, அது எவ்வளவு பழசாக இருந்தாலும், பேக்கேஜ் எடுங்கள் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

6. ஐடிவி என்ற எண்ணை எப்படிப் பார்ப்பது

வண்டி திருடு போனாலோ தேறாத அளவுக்கு நொறுங்கினாலோ கிடைக்கும் உச்சத் தொகைதான் ஐடிவி. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கிடுவார்கள். ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்து இது வருகிறது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருடத்துக்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது.

ஆன்லைன் ஒப்பீட்டுத் தளங்களில் மலிவாகத் தெரியும் பாலிசியைத் திறந்து பார்த்தால் பல நேரம் ஐடிவியைக் குறைத்திருப்பார்கள். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஐடிவி வைத்த பிறகுதான் விலையை ஒப்பிட வேண்டும்.

7. புதுப்பிக்கும் வரிசை

முடியும் தேதிக்கு முந்தைய வாரத்தில் செய்யுங்கள். பெயர், எண்கள் சரிபார்ப்பு; ஐடிவி; என்சிபி சதவீதம்; பிஏ கவர்; கடைசியாகக் கூடுதல் கவர்கள். பணம் கட்டும் முன் தொடங்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பழையது முடியும் நள்ளிரவும் புதியது தொடங்கும் நிமிடமும் ஒட்டியிருக்க வேண்டும்.

என்சிபி என்பது கிளைம் போடாத வருடங்களுக்கான தள்ளுபடி: 20, 25, 35, 45, 50 என்று ஐந்து வருடத்தில் ஏறும். இது ஓன் டேமேஜ் கட்டணத்துக்கு மட்டும்; தேர்டு பார்ட்டிக்குக் கிடையாது. போன வருடம் கிளைம் வாங்கிவிட்டு இல்லை என்று டிக் அடிக்காதீர்கள். கம்பெனிகள் ஒன்றையொன்று கேட்டுச் சரிபார்க்கும். அடுத்த கிளைமில் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

‘முடிந்து 90 நாள் வரை டைம் இருக்கிறது’ என்பது வண்டி ஓட்டுபவர்களிடையே உலவும் மிக ஆபத்தான அரைகுறைத் தகவல். அந்த 90 நாள், என்சிபியைத் தக்கவைக்கத் தரும் அவகாசம் மட்டுமே. பாலிசி முடிந்த மறுநாள் விபத்து நடந்தால் காப்பீடு இல்லை. பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் எந்தப் பொறுப்பும் தொடங்காது. ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்தாயிற்று என்பது போதாது, பாலிசி கைக்கு வந்திருக்க வேண்டும்.

காலாவதியாகிவிட்டால் வண்டியை எடுக்காமல் நிறுத்திவிட்டு, தேர்டு பார்ட்டியை உடனே போடுங்கள். அதற்கு வண்டியைப் பார்வையிட வேண்டியதில்லை. ஓன் டேமேஜுக்குப் பெரும்பாலும் வண்டியைச் சுற்றி வீடியோ, சேஸிஸ் எண் படம் எல்லாம் கேட்பார்கள். பகல் வெளிச்சத்தில், வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு எடுங்கள். சேறு படிந்த வண்டியில் பழைய கீறல் எது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாலிசி வந்ததும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து கம்பெனியின் தளத்தில் அதே எண் வருகிறதா என்று பாருங்கள். சில நாள் கழித்து அரசின் எம்பரிவாகன் செயலியில் தேதி ஏறியிருக்கும். செயலியிலோ டிஜிலாக்கரிலோ உள்ள ஆவணத்தைச் சோதனையில் காட்டினால் செல்லும்.

8. பழைய வண்டி வாங்கினாலும் விற்றாலும்

வாங்குபவர் செய்ய வேண்டியது: கைமாறிய 14 நாளுக்குள், பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்டு கம்பெனிக்கு விண்ணப்பம். தேர்டு பார்ட்டி பகுதி தானாகவே வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டத்தின் 157-வது பிரிவு கருதும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது. பழையவர் பெயரிலேயே பாலிசி கிடந்து வண்டி நொறுங்கினால், பணம் கட்டியவரிடம் இப்போது வண்டி இல்லை, வண்டி வைத்திருப்பவரிடம் பாலிசி இல்லை என்று கம்பெனி கைவிரிக்கும். பெயர் மாற்றும்போது பழையவர் அனுபவித்த என்சிபி தள்ளுபடியை மீதமுள்ள நாட்களுக்குக் கணக்கிட்டு உங்களிடம் வசூலிப்பார்கள். என்சிபி வண்டியோடு போவதில்லை, அது ஆளுடையது.

விற்பவர் செய்ய வேண்டியது: உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல், ஆர்.சி.யில் பெயர் மாறியதை ஆன்லைனில் பார்த்து உறுதி செய்வது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் என்சிபிக்குக் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

உரிமையாளர் இறந்துவிட்டால் பாலிசி மூன்று மாதம் வரை, அல்லது அது முடியும் தேதி வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். துக்கத்துக்கு நடுவே யாரும் இதை நினைப்பதில்லை. அப்பாவின் வண்டியை வருடக்கணக்கில் அவர் பெயரிலேயே ஓட்டும் வீடுகள் ஏராளம். வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வந்ததும் ஆர்.சி., பாலிசி இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

9. விபத்து நடந்தால்

ஆளைக் காப்பாற்றுவது முதலில்: 108. அடுத்து, வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம். எதிர் வண்டியின் நம்பர் பிளேட் தெளிவாக. யாருக்காவது காயம் என்றால் காவல் நிலையத்தில் புகார் கட்டாயம். ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று பணம் கொடுத்துவிட்டு வந்தவர்மேல் மூன்று மாதம் கழித்து வழக்கு வருவது சாதாரணம்.

அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லிக் கிளைம் எண் வாங்குங்கள். பிறகுதான் ஒர்க்‌ஷாப். சர்வேயர் பார்க்கும்வரை, அல்லது கம்பெனி படம் வாங்கி ஒப்புதல் தரும்வரை, எதையும் கழற்றவோ மாற்றவோ கூடாது. மெக்கானிக் ஆர்வத்தில் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டால் அது விபத்தில் வளைந்ததுதான் என்று நிரூபிக்க வழியில்லை.

தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் அன்றே அதன் நகலைக் கம்பெனிக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வாங்குங்கள். ‘இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்’ என்று மேசையில் போட்டுவைத்தால் வழக்கு ஒருதலைப்பட்சமாக முடியும்.

கிளைம் நிற்காத இடங்கள்: குடித்துவிட்டு ஓட்டியது, உரிமம் இல்லாதது, கியர் இல்லாத வண்டிக்கான உரிமத்தோடு கியர் வண்டி ஓட்டியது, சொந்தப் பயன்பாட்டுப் பாலிசியில் வாடகைக்கு ஓட்டியது. இவற்றில் அடிபட்டவருக்குக் கம்பெனி இழப்பீடு கொடுத்தாலும், நீதிமன்ற உத்தரவின் பேரில் அதை உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்க முடியும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, ரூ.25,000 அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து.

10. கிளைம் போடலாமா வேண்டாமா: ஒரு கணக்கு

மூன்றரை வயது ஸ்கூட்டர் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பேனல்கள் ரூ.4,000, உலோகப் பாகங்கள் ரூ.5,000, டயர் ரூ.1,500, கூலி ரூ.1,500, ஆக ரூ.12,000. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உலோகத்துக்கு மூன்று முதல் நான்கு வயதில் 25 சதவீதம். கூலிக்குத் தேய்மானம் இல்லை. அப்போது 2,000 + 3,750 + 750 + 1,500 = ரூ.8,000. கட்டாயக் கழிவு ரூ.100 போக ரூ.7,900 கிடைக்கும், மீதி ரூ.4,100 உங்கள் கையிலிருந்து. ஸ்கூட்டரில் பாதி உடம்பு பிளாஸ்டிக் என்பதால், முதல் ஐந்து வருடத்துக்கு ஜீரோ டெப் கவர் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) மதிப்புள்ளது. பிளாஸ்டிக்கில் பாதியாகக் கழியும் தேய்மானத்தை அது மிச்சப்படுத்தும்.

என்சிபி போய்விடுமே என்று கிளைமைக் கைவிடுபவர்கள் இதையும் கணக்கிடுங்கள். இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் கட்டணம் ரூ.1,000. கிளைம் போடாவிட்டால் வரும் வருடங்களில் 45, 50, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசம் ஐந்து வருடத்தில் 45 + 30 + 25 + 15 + 5 = 120 சதவீதம், அதாவது ரூ.1,200. கிடைப்பதோ ரூ.7,900. காருக்குச் சொல்லும் ‘சின்ன கிளைம் போடாதே’ என்ற அறிவுரை டூவீலருக்கு அப்படியே பொருந்தாது. கைக்கு வரும் தொகை ரூ.1,500-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம்.

11. வெள்ளமும் திருட்டும்

2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளில் பலவற்றைக் கெடுத்தது தண்ணீரைவிட செல்ஃப் பட்டன். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் போன பிறகு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். வெள்ளச் சேதத்துக்கு ஓன் டேமேஜ் பணம் தரும். நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதத்துக்கு, தனியாக என்ஜின் கவர் இல்லாவிட்டால், தராது. தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள்.

திருடு போனால் உடனே காவல் நிலையம். புகாரைப் பெற்றதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். கிளைமுக்கு எஃப்ஐஆர் வேண்டும். அதே நாளில் கம்பெனிக்கும், லோன் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும், ஆர்டிஓவுக்கும் எழுத்தில் தகவல். வண்டி கிடைக்கவில்லை என்று காவல் துறை தரும் சான்று, ஆர்.சி., கையெழுத்திட்ட படிவம் 28, 29, 30, இரண்டு சாவிகள் எல்லாம் கேட்பார்கள். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், இன்னொன்று தொலைந்ததற்கான புகார் ரசீது இல்லாமல் ‘வண்டியிலேயே சாவியை விட்டீர்களா’ என்ற கேள்வியில் கிளைம் மாட்டிக்கொள்ளும்.

கிளைம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, கம்பெனியின் மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மறுப்புக் கடிதம், பாலிசி, கிளைம் எண், நீங்கள் எழுதிய கடிதங்களின் நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள்.